புகாட்டி 35: பளபளப்புக்கு அடியில் பார்க்க வேண்டியவை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரான்சில் புகாட்டி 35 பந்தயக் கார் ஒன்றைப் புதுப்பித்தது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். நூறு வயதுக் காருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் 'முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது' என்பதை நான்கு இடங்களில் சொன்ன கட்டுரையாளர், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் என்ற சொல்லை ஓரிடத்தில்கூட எழுதவில்லை. இந்தக் காரில் பணமும் மாதங்களும் கரைவது அங்கேதான். கவனம் தப்பினால் மொத்த வேலையும் பாழாவதும் அங்கேதான். ஆகவே விட்டுப்போனதைக் கொஞ்சம் எழுத அனுமதியுங்கள்.

அதற்கு முன் ஒரு திருத்தம். இதை 'இத்தாலியக் கார்' என்று ஓரிடத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எத்தோரே புகாட்டி மிலான் நகரில் பிறந்தவர், அது சரி. தொழிற்சாலை இருந்தது அல்சாஸ் பகுதியின் மோல்ஸைம் ஊரில். 1909இல் அவர் அங்கே தொழில் தொடங்கியபோது அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சுக்கு வந்தது. 35 வகைக் கார் முதன்முதலாக ஓடியது 1924 ஆகஸ்ட் 3இல், லியோன் கிராண்ட் பிரீ பந்தயத்தில். அன்று ஐந்து கார்கள் இறங்கின. டயர்களின் மேல்தோல் பிய்ந்து போனதால் ஏழாவது, எட்டாவது இடங்களுக்கு மேல் வர முடியவில்லை. அந்த அவமானத்துக்குப் பிறகு, சிசிலித் தீவில் நடக்கும் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது இதே 35 கார்க் குடும்பம்தான்.

இனி என்ஜினுக்கு வருவோம். எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 60 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 88 மி.மீ., மொத்தம் 1991 சி.சி. நான்கு நான்கு சிலிண்டராக இரண்டு வார்ப்பிரும்பு பிளாக்குகள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சிறிய இன்லெட் வால்வு, ஒரு பெரிய எக்ஸாஸ்ட் வால்வு. இன்றைய மெக்கானிக்கைத் திகைக்க வைப்பது, ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, தனியாகக் கழலாது என்பதுதான். ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. வால்வு சீட்டைத் தேய்க்க வேண்டுமென்றாலும் பிளாக்கையே தூக்கி, வால்வை போர் வழியாகக் கீழ்ப்பக்கம் உருவ வேண்டும். ஹெட் பேக்கிங் ஊதிப்போகும் தொல்லை இல்லை. அதற்கு விலையாக, நம்மூர்க் காரில் அரை நாளில் முடிகிற வால்வு வேலைக்கு இங்கே என்ஜினில் பாதியைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

கிராங்க் ஷாஃப்ட் இன்னும் விசித்திரம். அதைத் தாங்கும் ஐந்து மெயின் பேரிங்குகளும் பந்து, உருளை வகை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பெரிய முனையிலும் (கிராங்கைப் பற்றும் முனை) ரோலர்கள். ராடுகள் எட்டும் பிளவில்லாத முழுத் துண்டுகள், கழற்றி மாட்டத் தொப்பி கிடையாது. ராடு முழுசாக இருப்பதால் கிராங்கைத்தான் துண்டு துண்டாகச் செய்திருக்கிறார்கள். ராடையும் ரோலரையும் கோத்தபடியே துண்டுகளை ஒன்றோடொன்று செருகி, சரிவான ஆப்பு ஊசிகளால் இறுக்குவார்கள். பூமாலை கட்டுவது போன்ற வேலை. நடுவில் ஒரு பூ சரியில்லை என்றால் அதுவரை கட்டியதை அவிழ்க்க வேண்டும்.

இதில் என்ன கெடும்? வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற காரில், ரோலர் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் ஈரம் இறங்கி, பாதையில் முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு விழும். கையால் தடவினால் தெரியாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும். 'சின்னக் கறைதானே' என்று அப்படியே பூட்டினால், அந்தக் கோட்டிலிருந்து எஃகு செதில் செதிலாக உரியத் தொடங்கும். உரிந்த துகள் பக்கத்து ரோலருக்குள் போகும். பிறகு ஒரு ராடு பிடித்து நின்று, முறிந்து, கிராங்கை மூடியிருக்கும் அலுமினிய கிராங்க்கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்கு அதிக நேரம் ஆகாது.

கறையை கிரைண்டிங் செய்து எடுக்கலாம்தான். ஆனால் ராடு பற்றிச் சுழலும் கிராங்க் பின்னுக்குக் கடினப்படுத்திய மேல்தோல் மட்டுமே உண்டு. உள்ளே மென்மையான எஃகு. முந்தைய தலைமுறை மெக்கானிக்குகள் ஏற்கெனவே இரண்டு முறை கிரைண்டிங் செய்திருந்தால் மேல்தோல் தீர்ந்துபோயிருக்கும். கிரைண்டருக்கு அனுப்புவதற்கு முன் கடினத்தன்மையைச் சோதிக்காமல் விடுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான். தோல் மிச்சமிருந்தால் பெரிய அளவு ரோலர் போடலாம். ஒரே ராடுக்குள் போகும் ரோலர்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மைக்ரானுக்கு மேல் வேறுபடக் கூடாது. ஒன்று பருத்திருந்தால் பாரம் முழுவதையும் அது தனியாகச் சுமக்கும். இளைத்தது உருளாமல் வழுக்கும். வழுக்கிய ரோலரில் தட்டையாக ஒரு முகம் விழுந்துவிடும்.

கோத்து முடித்த கிராங்கை இரண்டு சென்டருக்கு (கூர்முனைத் தாங்கி) நடுவே வைத்து, ஒவ்வொரு மெயின் பேரிங் இடத்திலும் டயல் கேஜ் என்ற முள் அளவியை வைத்துச் சுற்ற வேண்டும். ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு, மூன்று பங்குக்கு மேல் முள் ஆடினால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். சுத்தியால் தட்டி நேராக்கும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அப்போதைக்கு முள் நிற்கும். சூடேறி நாலாயிரம் சுற்றைத் தொட்டதும் துண்டுகள் தங்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.

எண்ணெய் விஷயத்தைக் கட்டுரையாளர் ஒரு வரியில் முடித்துவிட்டார். இந்த என்ஜினில் பெரிய முனைக்கு எண்ணெய் அழுத்தத்தோடு போவதில்லை. சிறு துளைகளிலிருந்து பீய்ச்சும் எண்ணெயை, கிராங்க் பக்கவாட்டில் வெட்டிய வளையப் பள்ளங்கள் ஏந்திக்கொள்ளும். சுழற்சி வேகத்தில் அது ரோலருக்குத் தள்ளப்படும். சுழற்சி எண்ணெயை மட்டுமா தள்ளுகிறது? அதில் மிதக்கும் அழுக்கையும் தள்ளுகிறது. தயிர் கடைவதற்கு நேர்மாறாக, கனமானது வெளிவிளிம்பில் படிந்து, நாளடைவில் பள்ளத்தையே அடைத்துவிடும். எண்ணெய் கேஜ் வழக்கம்போலவே காட்டும். உள்ளே ஒரு ராடு மட்டும் பட்டினி கிடக்கும். எனவே கிராங்கைப் பிரிக்காமல் 'கேட்டுப் பார்த்தோம், சத்தம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லும் எந்தப் புதுப்பிப்பையும் நம்புவதற்கில்லை.

அந்தக் காலப் பந்தயக் கார்களில் ஊற்றியது பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெய் அடிப்படையிலான எண்ணெய், அதாவது நம் வீட்டு விளக்கெண்ணெயின் உறவுக்காரன். பழைய பந்தய மைதானத்தின் வாசனை என்று ஐரோப்பியர்கள் ஏங்கிப் பேசுவது இதன் புகையைத்தான். சூட்டிலும் உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்வது இதன் குணம். கெட்ட குணமும் உண்டு: நின்றுபோனால் பிசினாக இறுகும், கனிம எண்ணெயோடு சேராது. முன்பு விளக்கெண்ணெய் வகை ஓடிய என்ஜினில், சரியாகக் கழுவாமல் சாதாரண எண்ணெயை ஊற்றினால் கூழ் போலத் திரிந்து துளைகளை அடைக்கும். எதையாவது ஒன்றைத் தேர்ந்து, கடைசி வரை அதையே ஊற்ற வேண்டும். அடிக்கடி ஓடாத காருக்கு கனிம எண்ணெயே மேல் என்பது எங்கள் கருத்து. வாசனைக்காக என்ஜினைப் பலி கொடுக்க வேண்டாம்.

அடுத்து, கட்டுரையாளர் மிகவும் வியந்த அந்த 'மணல் வீசிச் சுத்தம் செய்த' கிராங்க்கேஸ். எங்களுக்கு உண்மையில் வயிறு கலங்கியது. பழைய அலுமினிய வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். வீசிய மணலோ கண்ணாடி மணியோ அவற்றில் புதைந்துகொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் வெளியே வராது. என்ஜின் சூடாகி வார்ப்பு விரியும்போது ஒவ்வொன்றாக உதிரும். பிளெயின் பேரிங்காக (பந்தோ உருளையோ இல்லாத வகை) இருந்தால் மென்மையான ஈயப் பூச்சு அந்தத் துகளை விழுங்கிக்கொள்ளும். ரோலர் பேரிங் விழுங்காது. வெந்நீரும் சோப்புக் கரைசலும் மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போதும்; மூன்று நாள் ஆகட்டுமே.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. மோல்ஸைமில் இந்தப் பாகங்களின் முகங்களைக் கையாலேயே ஸ்கிரேப்பிங் செய்து, உலோகத்தோடு உலோகம் பொருந்தும்படி செய்தார்கள். பல இணைப்புகளில் பேக்கிங்கே இல்லை. மீன் செதில் போல அந்தக் கைவேலைத் தடம் இன்றும் தெரியும். மணல் வீச்சு அதை ஒரே நிமிடத்தில் துடைத்துவிடுகிறது. முகம் சமமிழந்ததும் எண்ணெய் கசியும். கசிவை அடைக்க இன்றைய சிலிக்கான் பசையைப் பிதுக்குவார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியது புழுப் போலக் கழன்று எண்ணெய்த் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நீல மை தடவிப் பொருத்திப் பார்த்து, மேடுகளை மட்டும் சுரண்டி, மெல்லிய ஷெல்லாக் (அரக்கு) பூச்சோடு இறுக்குவதே சரியான வழி.

கிராங்க்கேஸின் நான்கு கால்களையும் நன்றாகப் பார்க்க வேண்டும். என்ஜின் ரப்பர் மெத்தை எதுவும் இல்லாமல் நேரடியாகச் சேஸிஸில் இறுக்கப்பட்டிருக்கிறது. சேஸிஸின் முறுக்கத்தைத் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. அதனால் கால்களின் அடிப்பகுதியில் விரிசல் விழுவது சகஜம். பழைய எண்ணெய் ஊறிய அலுமினியத்தை அப்படியே வெல்டிங் செய்தால் நுரைத்துக்கொண்டு வரும். மெதுவாகச் சூடேற்றி எண்ணெயை வெளியேற்றி, துடைத்து, மறுபடி சூடேற்றி, பிறகே டிக் வெல்டிங். ஆறிய பிறகு ஐந்து மெயின் பேரிங் இடங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று அளக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது.

பிளாக்கைப் பற்றிச் சுருக்கமாக: தண்ணீர்ப் பாதையை அடைத்து, சுமார் 80 டிகிரி வெந்நீரில் அமிழ்த்தி, இரண்டு பார் காற்றழுத்தம் கொடுத்தால் விரிசல் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த நிலையில் செய்த சோதனையை நம்பக் கூடாது. வால்வு சீட்டுகளுக்கு நடுவே உள்ள விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். வார்ப்பிரும்பை வெல்டிங்கை விட உலோகத் தையல் (விரிசல் நெடுக உலோக ஆணிகளைச் செருகுவது) போட்டு அடைப்பது நல்லது. மீட்க முடியாத அளவுக்கு அரித்திருந்தால் புதிய வார்ப்பு வாங்கலாம், இன்றும் செய்கிறார்கள். பிளாக்கைத் திரும்ப இறக்கும்போது இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பிளாக்கைத் தாங்க, மற்றவர் ஒவ்வொரு பிஸ்டனின் ரிங்குகளையும் அமுக்கி உள்ளே வழிவிட. அவசரப்பட்டால் ஒரு ரிங் உடையும். சத்தம்கூடக் கேட்காது, முதல் ஓட்டத்தில்தான் போரில் கீறலாகத் தெரியும்.

சில பட்டறைகள் இந்தச் சிக்கலே வேண்டாமென்று, ஒரே துண்டு கிராங்கும் பிளெயின் பேரிங்கும் பிளவுபட்ட ராடுகளும் போட்டுவிடுகின்றன. தவறென்று சொல்ல மாட்டோம். அடிக்கடி ஓட்டுபவருக்கு அது நிம்மதி. ஆனால் பழைய எண்ணெய்ப் பம்பு அதற்குப் போதாது, அழுத்தம் தரும் பெரிய பம்பும் பாதைகளும் கூடவே வர வேண்டும். பழைய கிராங்கை எடைக்குப் போடாமல் எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்து, காரோடு அடுத்த உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும்.

முன் அச்சைக் கண்ணாடி போல முலாம் பூசியதாகக் கட்டுரையில் பாராட்டு இருக்கிறது. இந்த அச்சு நடுவில் உள்ளீடற்றது. வில்பட்டைகள் அச்சின் மேலோ கீழோ கட்டப்படாமல், அதில் உள்ள சதுரத் துளைகள் வழியே ஊடுருவிச் செல்லும். அழகும் வலுவும் சேர்ந்த வேலை. இப்படிப்பட்ட வலுவான எஃகை அமிலத்தில் ஊறவைத்துத் துரு எடுத்தாலோ மின்முலாம் பூசினாலோ ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கும் தன்மைக்கு ஆளாக்கும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரியில் பல மணி நேரம் வாட்டி அதை வெளியேற்ற வேண்டும். அலங்கார முலாம் கடைகளில் இதைச் செய்வதில்லை. வாட்டாத அச்சு பளபளப்பாக இருக்கும். ஒரு நாள் பிரேக் அடிக்கும்போது முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். முலாமுக்கு முன்பே காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லையென்று உறுதி செய்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு, 1924இல் மோல்ஸைம் பூசியது நிக்கல். குரோமியம் கார்களுக்குப் பரவலாக வந்தது அந்தப் பத்தாண்டின் இறுதியில். நிக்கலில் லேசான மஞ்சள் கலந்த கதகதப்பு இருக்கும். குரோமியம் நீலம் பாய்ந்த வெள்ளை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குத் தங்கள் புகைப்படத்தில் தெரியும் குரோமியம் கண்ணை உறுத்தும்.

எட்டுத் தட்டையான ஆரங்கள் கொண்ட வார்ப்பு அலுமினியச் சக்கரம்தான் இந்தக் காரின் அடையாளம். பிரேக் டிரம்மும் அதே வார்ப்பில் சேர்ந்தது. சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் ஷூ கண்முன் வந்துவிடும், பந்தய நடுவே பார்த்துவிடலாம். உத்தி அருமையானது. ஆனால் நூறு வருட அலுமினிய வார்ப்பு களைத்துப் போயிருக்கும். ஆரத்தின் வேரில் விரிசல் தொடங்கும். 'அசல் சக்கரங்களோடு பந்தயத்தில் ஓடப்போகிறது' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஓட்டுநர் மீது அக்கறை உள்ளவர்கள் யாராவது அதைத் தடுக்கட்டும். அசல் சக்கரத்தைச் சுவரில் மாட்டலாம், கண்காட்சிக்குப் பூட்டலாம். ஓட்டுவதற்கு இன்றைய உலோகக் கலவையில் வார்த்து, வெப்பப் பதம் செய்து, எக்ஸ்ரே எடுத்த புதிய சக்கரங்களே வேண்டும்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ, கிளட்ச் இரண்டும் கட்டுரையில் இல்லவே இல்லை. மேக்னெட்டோவின் சுருளில் பூசிய பழைய ஷெல்லாக் சூட்டில் இளகும். குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிடத்தில் இருமி நின்றால் கார்புரேட்டரைக் குடைய வேண்டாம். சுருளைப் புதிதாகச் சுற்றி, கண்டென்சரை மாற்றி, காந்தத்துக்கு உயிரூட்ட வேண்டும். கிளட்ச் பல பிளேட்டுகள் கொண்டது, எண்ணெயில் மிதப்பது. அதற்கு என்ஜின் எண்ணெயோடு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுவார்கள். எண்ணெய் கெட்டியானால் கிளட்ச் விடாமல் இழுத்து, கியர் கரகரக்கும். மண்ணெண்ணெய் அதிகமானால் பிளேட்டுகள் வறண்டு, வெடுக்கென்று பிடிக்கும். வேறு காரின் கிளட்ச் போட்டுவிடலாம் என்று யோசிப்பதற்கு முன், பலமுறை கலவையை மாற்றிப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டை வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டும் அவசரம் இப்போது எல்லோருக்கும் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கைப்பிடியால் சுற்றி, துளைகளில் எண்ணெய் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பெட்ரோல் திறக்க வேண்டும். தண்ணீர் சூடாகும் வரை வேகம் ஏற்றக் கூடாது. ஐம்பது கிலோமீட்டரில் எண்ணெயை முழுக்க வடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். மாவு போல ஒட்டினால் கவலையில்லை. மின்னும் செதில் ஒன்று ஒட்டினாலும் வண்டி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே போகட்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். 'புகாட்டி பந்தயக் கார் என்றால் நீலம் மட்டுமே' என்பது சரியல்ல. நீலம் பிரான்சின் பந்தய நிறம். அதிலும் ஒரே சாயல் என்று கிடையாது. 1929 ஏப்ரலில் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீயை வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ் வென்றது 35 குடும்பத்தின் 35பி காரில், அது பச்சை. பழைய பூச்சு எங்காவது மிச்சமிருந்தால், ஓரத்தில் சிறு பகுதியைச் சுரண்டாமல் விடுவது நல்லது. இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மாஜோரே ஏரியின் அடியில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்து 2009இல் மேலே வந்த பிரெஷியா வகை புகாட்டியை, அடுத்த ஆண்டு ஏலத்தில் வாங்கியவர் புதுப்பிக்கவே இல்லை. துருவோடும் ஓட்டையோடும் அப்படியே காட்சிக்கு வைத்தார். அதைப் பார்க்கவும் கூட்டம் வந்தது.

கடைசியாகப் படக்குறிப்பு. முதல் பக்கப் படத்தில் 'எட்டு சிலிண்டர் கிராண்ட் பிரீ 35' என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் உள்ள காருக்குக் கம்பிச் சக்கரங்கள். விலை குறைந்த 35ஏ காரும், நான்கு சிலிண்டர் 37 காரும் இதே உடலோடும் கம்பிச் சக்கரங்களோடும் வெளிவந்தவை. இரண்டில் எது என்று பானெட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக்குகளை எண்ணினால் தெரிந்துவிடும். புகைப்படக்காரரிடம் பானெட் திறந்த படம் இருந்தால் அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய என்ஜின் வேலையில் உள்ள வாசகர்கள் இருவர்,
கோயம்புத்தூர்.